சேதுக்கரையில் ஒரு பாசித் தோட்டம்

ஸ்ரீரங்கத்துக்கும் சேதுவுக்கும் உள்ள உறவு பழமையானது. இராமபிரான் அளித்த அரங்க விமானத்தை இலங்கைக்கு எடுத்துச் சென்ற விபீஷணன் காவேரிக்கரையில் இறக்கி வைத்தான். அது அங்கேயே நிலைத்துவிட்டது என்பது ஸ்தல புராணம். அவன் செல்ல நினைத்த திசையில்தான் நம் ஊர்க் குடும்பங்கள் இன்றும் ராமேசுவர யாத்திரை போகின்றன. திருச்சியில் ரயிலேறி, காரைக்குடி, மானாமதுரை, இராமநாதபுரம், மண்டபம் கடந்து, 2025-ல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின்மேல் கடலைத் தாண்டுகிறோம். அக்கினி தீர்த்தத்தில் நீராடி, கோயிலின் 22 தீர்த்தங்களிலும் தலை நனைத்துத் திரும்புகிறோம். பாலத்துக்குத் தெற்கே கிடக்கும் மன்னார் வளைகுடாவையோ ஜன்னல் வழியே பார்ப்பதோடு சரி.

அந்த நீருக்கடியில் ஒரு தோட்டம் இருக்கிறது. மழை ஓய்ந்து தை பிறந்ததும் அப்பக்கத்துக் கடல் தெளிகிறது. கரையோரப் பாறைகளிலும் பவளத் திட்டுக்களின் ஓரங்களிலும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று பச்சையும் பழுப்புமாகத் தழைத்து நிற்கின்றன. நீர் வற்றும் வேளையில் பார்ப்பவருக்கு வயலொன்று கடலுக்குள் இறங்கியது போலத் தோன்றும். நோன்புக் காலத்தில் இஸ்லாமிய இல்லங்களில் செய்யும் கடல்பாசி இனிப்புக்கு வேண்டிய பொருள் இத்தகைய பாசிகளிலிருந்தே கிடைக்கிறது.

இத்தோட்டத்தில் பாடுபடுவோர் மீனவப் பெண்கள். விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பையைக் கட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பதென்று பாம்பனையடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் தமக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டனர். மற்ற நாட்களில் பாசி வளரட்டும் என்பது கருத்து. அவ்வூர்ப் பெண்மணி ஒருவருக்கு 2015-ல் அமெரிக்காவின் ஸீகாலஜி பரிசு கிடைத்தது. வயிற்றுப் பிழைப்புக்காகக் கடலில் இறங்குவோரே இவ்வளவு நிதானம் காட்டும்போது, வேடிக்கை பார்க்கப் போகும் நாம் எவ்வளவு காட்ட வேண்டும்?

தூத்துக்குடி முதல் பாம்பன் வரை இருந்த 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகச் சுற்றியிருந்த பவளத்தை வெட்டியதே காரணம் என்கிறார்கள் அறிஞர்கள். 1986-ல் இப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2001 முதல் பவளத்துக்குப் புலிக்குரிய சட்டப் பாதுகாப்பே உண்டு. பசுமையெல்லாம் நலமென்றும் எண்ணலாகாது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி குருசடைத் தீவருகே பவளத்தின்மேல் போர்வைபோல் படர்ந்திருப்பதை 2008-ல் ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினர். வெயில் படாத பவளம் மடிந்துபோகும்.

ஆகவே அங்கே செல்லும் அன்பர்கள் சில நியமங்களை மேற்கொள்வது நலம். வனத்துறையின் அனுமதியின்றித் தீவுகளில் இறங்கலாகாது. பாசி படர்ந்த பாறைமேல் கால் வைக்காமல், மணலில் நின்றே பார்க்க வேண்டும். ஒரு மிதியில் பாசியும் நசுங்கும், அதனுள் ஒளிந்த குஞ்சு மீனும் நண்டும் அழியும், நம் காலும் வழுக்கும். படகோட்டி பவளத்தின்மேல் நங்கூரம் போடாதபடி முன்னரே சொல்லிவிடலாம். குழந்தைகள் கல்லைப் புரட்டினால், பழையபடியே வைக்கச் செய்ய வேண்டும். சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதுவும் பையில் ஏறக்கூடாது. கொண்டுபோன பிளாஸ்டிக் உறைகள் மட்டும் நம்மோடு திரும்பி வர வேண்டும்.

திருச்சி ஜில்லாக்காரருக்கு இதில் தனிக் கடமை உண்டு. நம் கல்லக்குடியிலும் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அக்கடலில் பவளமும் பாசியும் கூடிக் கட்டிய திட்டு சுண்ணாம்புக்கல்லாய் இறுகிக் கிடந்தது. அந்தக் கல்லை வெட்டிச் சிமெண்டாக்கி வீடு கட்டிக்கொண்டோம். அது உயிர் போன திட்டு, எடுத்ததில் குற்றமில்லை. பாம்பனில் இருப்பதோ இன்னும் மூச்சு விடுகிற திட்டு. அதனிடமிருந்து நாம் கொண்டுவரத் தக்கது கண்ட காட்சி ஒன்றே.