ஐம்பதால் பெருக்கு!

2018-ல் நான் சிங்கப்பூரில் படித்தபோது அப்பாவும் அம்மாவும் பார்க்க வந்தார்கள். கோவையிலிருந்து நேர் விமானம், நாலரை மணி நேரம்தான். ரயிலில் சென்னை போவதைவிடச் சீக்கிரம் சார்!

செராங்கூன் ரோட்டில் கோமள விலாஸ், 1947-லிருந்து இருக்கிற ஓட்டல். அம்மா தோசையை ருசித்தார். அப்பா டாலர் விலையை ஐம்பதால் பெருக்கி ரூபாயாக்கினார். (பி.காம். படித்தவன் நான், கணக்கு அவருக்கு!)

தேக்கா மார்க்கெட்டில் தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் பொள்ளாச்சி விவசாயி நகர்வாரா? விலை கேட்டவர், "நம்ம தோப்புக்கு வர்ற யாவாரி இதுல கால்வாசிகூடத் தரமாட்டேங்கறானே கண்ணு!" என்றார். அந்தத் தோப்புப் பத்திரம் அப்போது என் ஃபீஸுக்காக பேங்க்கில் இருந்தது.

ராத்திரி என் வாடகை ரூம். ஒரே கட்டில், அதில் அம்மா. கீழே பாயில் நாங்கள்.

"இதுக்கு வாடகை எவ்வளவு கண்ணு?"

சொன்னேன். அதை மட்டும் அவர் பெருக்கவில்லை. "லைட்ட அணைச்சுப்போட்டுத் தூங்கு சாமி" என்றார்.