ஊவாவில் வீசும் காற்று

புவியியல் வகுப்பிலே 'போன்' எனப்படும் உலர்ந்த மலைக்காற்றை விளக்க நேரும்போது, சுவிற்சர்லாந்தை உதாரணமாகக் காட்டுவது நம்மைப் போன்ற ஆசிரியர்களின் பழைய வழக்கம். அல்ப்ஸ் மலையின் ஒரு புறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபுறத்துப் பள்ளத்தாக்குகளில் வெப்பமாக இறங்கும் காற்று அது. றைன் நதியின் மேற்பள்ளத்தாக்கில் மாயன்பெல்ட் என்றோர் ஊர் உண்டு. திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. குளிர்காலம் சூழ்வதற்கு முன் இக்காற்று வீசித் திராட்சைக் குலைகளைக் கனியச் செய்வதால், 'திராட்சையைச் சமைப்பவன்' என்று அப்பகுதியார் அதற்குச் செல்லப் பெயரிட்டிருக்கின்றனர். இதை நாம் சுவைபடச் சொல்லி முடித்த ஒருநாள், பின்வாங்கிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்தான். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து, நமது கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவன்.

"சேர், எங்க தோட்டத்துலயும் ஆடி மாசம் அந்த மாதிரிக் காத்து வரும். அது வந்தாத்தான் தேயிலைக்கு வாசம் வரும்னு எங்க அம்மா சொல்லும்" என்றான்.

வகுப்பு சிரித்தது. நமக்கோ வெட்கமாயிருந்தது. சொந்த நாட்டில் கண்ணெதிரே கிடந்த உதாரணத்தை விட்டுவிட்டு, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஊரைத் தேடிப் போயிருந்தோம். அந்த வெட்கமே, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டு மாதத்தில், நம்மைப் பதுளைக்கு அழைத்துச் சென்றது.

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை 292 கிலோமீற்றர். 'பொடி மெனிக்கே' என்னும் புகைவண்டி அதிகாலையில் புறப்பட்டு, மாலையில்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. அவசரக்காரருக்கு ஏற்ற வண்டி அன்று. அட்டன், நானுஓயா எல்லாம் மழையிலும் மூடுபனியிலும் மறைந்து கிடந்தன. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தோம். இலங்கையின் மிக உயரமான புகைவண்டி நிலையமாகிய பட்டிப்பொலையைத் தாண்டியதும் ஒரு சுரங்கப்பாதை வருகிறது. அதற்குள் புகும்போது வெளியே தூறல். மறுமுனையில் ஒகியாப் பக்கமாக வெளிவந்தபோது வெயில்! ஒரு கதவைத் திறந்து வேறு வீட்டுக்குள் நுழைந்தாற்போன்ற மாற்றம். பெட்டியிலிருந்த ஒரு முதியவர் போர்வையை மடித்து வைத்தபடி, "இனி ஊவா" என்றார். நாட்டுப் படத்தில் நாம் எத்தனையோ முறை கோடு போட்டுக் காட்டிய எல்லையை உடம்பு அறிந்துகொண்டது அன்றுதான்.

இதன் காரணம் எளிது. தென்மேற்குப் பருவக்காற்று கடல் ஈரத்தைச் சுமந்துவந்து மத்திய மலைகளில் மோதி மேலெழுகிறது. எழும்போது குளிர்ந்து, கினிகத்தேனை, வட்டவளைப் பக்கங்களில் பெருமழையாகப் பொழிகிறது. ஈரக் காற்று ஏறுகையில் நூறு மீற்றருக்கு ஏறக்குறைய அரைப் பாகை வெப்பத்தையே இழக்கும். மழையை உதிர்த்துவிட்டு மறுபுறம் உலர்ந்த காற்றாக இறங்குகையிலோ, நூறு மீற்றருக்கு ஒரு பாகை வீதம் வெப்பத்தைப் பெறும். ஆகவே, ஏறிய அதே காற்று இறங்கும்போது சூடாகவும் வறட்சியாகவும் வருகிறது. யாழ்ப்பாணத்தில் நாம் சோளகம் என்று சொல்லும் காற்றும், மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் காற்றும் இதே பருவத்தின் பிள்ளைகளே. ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்கள் வறண்டிருக்க, ஐப்பசிக்குப் பிறகு வடகீழ்ப் பருவக்காற்றே பெருமழையைக் கொணர்கிறது. நாட்டின் மேற்குப் பாதி நனையும்போது இது காயும்.

இடையே ஒரு வேடிக்கை: இலத்தீன் மொழியில் 'ஊவா' என்ற சொல்லுக்குத் திராட்சை என்று பொருள். நமது ஊவாவுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் சுவிற்சர்லாந்தின் திராட்சைக் காற்றைத் தேடிப் புறப்பட்டவன் ஊவாவில் வந்து நின்றது பொருத்தமாகவே பட்டது.

அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று இறங்கி இறங்கிச் செல்லும் வண்டி, எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடக்கிறது. வெளிநாட்டார் கூட்டம் புகைப்படம் எடுக்கும் அப்பாலத்தைவிட, நமக்குத் தெமோதரையே பெரு வியப்பாயிருந்தது. நிலையத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி, மலையைச் சுற்றி வந்து, அந்நிலையத்துக்கு நேர் கீழே குடையப்பட்ட சுரங்கத்தின் வழியே செல்கிறது! பதுளைக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது 1924இல். அதற்கப்பால் பாதை இல்லை.

பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில், பதுளு ஓயா வளைந்தோடும் கிண்ணம் போன்ற பள்ளத்தில் அமைந்துள்ளது. இரண்டாயிரம் மீற்றரைத் தாண்டும் நமுனுகுலை மலை கிழக்கே காவல் நிற்கிறது. முதியங்கணை விகாரையும், கதிர்காமத் தேவாலயமும், நகருக்கு வெளியே 64 மீற்றர் விழும் துன்கிந்தை அருவியும் யாத்திரிகர் நாடுவன. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லச பல்கலைக்கழகமும் இங்கேயே உள்ளது. தேயிலைத் தொழில்நுட்பத்தை அங்கே ஒரு பட்டப் படிப்பாகக் கற்பிக்கின்றனர்.

இம்மலைகள் எப்போதும் தேயிலை மலைகளாக இருக்கவில்லை. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயருக்கெதிராக எழுந்த பெருங்கிளர்ச்சியின் களம் ஊவா. அதை அடக்குகையில் வயல்களும் குளங்களும் கிராமங்களும் அழிக்கப்பட்டன. பின்னர் கோப்பி வந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. 1890இல் வந்த தோமஸ் லிப்டன், அப்புத்தளைக்கு மேலே தம்பதென்னையில் தொழிற்சாலை அமைத்து, தோட்டத்துத் தேயிலையை நேரே கடைக்குக் கொண்டுபோகும் வணிகத்தைப் பெரிதாக்கினார். திருச்சி, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை என்று பல சீமைகளிலிருந்து கடல் கடந்து வந்த ஏழை மக்களின் கைகளே காட்டை வெட்டின, கொழுந்தைப் பறித்தன.

மறுநாள் காலை மாணவனுடன் அவனுடைய தோட்டத்துக்குப் போனோம். பெரட்டுக் களத்தில் பெயர் பதிந்தபின், பெண்கள் கூடையைத் தலையில் மாட்டி, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு மலையேறினர். காற்று ஆளைத் தள்ளியது. உதடு வெடித்தது. மாணவனின் தாயார் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் வேகத்தை நம் கண்ணால் தொடர முடியவில்லை. ஆனால் அவ்வேகத்துக்கு ஏற்றபடி கூடை நிறையவும் இல்லை. வறட்சியில் செடி தளிர்ப்பது மெல்லமெல்லத்தான்.

இங்கேதான் ஊவாவின் இரகசியம் இருக்கிறது. பகலில் வறண்ட வெயில், இரவில் குளிர், ஓயாத காற்று. இம்மூன்றுக்கும் ஈடு கொடுக்கும் செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. கொழுந்திலே வாசனைப் பொருள்கள் செறிகின்றன. அவற்றுள் மெதைல் சலிசிலேற்று என்பது ஒன்று. மூட்டுவலித் தைலங்களில் நம் மூக்குக்குப் பழகிய அதே வாசனை! தேநீரில் அது இலேசாகத் தலைகாட்டும்போது, உலகத்துத் தேயிலைச் சுவைஞர்கள் 'ஊவா மணம்' என்று போற்றுகின்றனர். தொழிற்சாலையில் கொழுந்தை வாடவிட்டு, உருட்டி, புளிக்கவைத்து, சூட்டில் உலர்த்தித் தரம் பிரிக்கின்றனர். ஏறக்குறைய ஐந்து கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்குகிறது. காற்றின் ஈரத்தைப் பார்த்து ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் கூட்டியும் குறைத்தும் நடத்துவது அங்குள்ளவர்களின் கைத்திறன். பிறகு 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்துக்கு அது போகிறது. ஆடி, ஆவணித் தேயிலைக்கு அங்கே தனி மதிப்பு.

மலையிலோ கணக்கு வேறு. தோட்டத்துப் பேச்சில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நாம் சென்ற தோட்டத்தில் அந்நிறை 18 கிலோ. வறட்சியில் நிறையைக் குறைத்துக்கொள்ளும் தோட்டங்களும் உண்டென்று கேள்விப்பட்டோம். அங்கே அப்படிச் செய்யவில்லை. மாலையில் தராசடியில் நின்றபோது, 14 என்றும் 15 என்றும் எண்கள் விழுவதைக் கேட்டோம். கொழுந்து குறையும் காலத்தில்தான் மணம் கூடுகிறது. மணத்துக்கு விலை கொழும்பில் கிடைக்க, எடைக்குத்தான் மலையில் பேர். காற்று எந்தத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிறதோ, அதைப் பறித்தவளின் பேரை அதே காற்று பாதியாக்கிவிடுகிறது. நாள் சம்பளம் 1,000 ரூபா என்று 2021இல் வர்த்தமானி மூலம் விதிக்கப்பட்டிருந்த காலம் அது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. தொகை ஏறினாலும், நிறைக்கணக்கு இருக்கும் வரை அரைப்பேரும் இருக்கும்.

தோட்டக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடை செய்ததன் விளைவாக, ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு 25 கோடியளவுக்கு இறங்கியது. உர விலை, எரிபொருள் விலை, முதிர்ந்துபோன செடிகள் என்று அவர்களுடைய பட்டியலும் நீண்டது. நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்போது சிறு தோட்டக்காரர்களிடமிருந்தே வருகிறது. தன் நிலத்தில் தான் பறிப்பவனுக்கு அரைப்பேர் என்ற சொல் தெரியாது.

மாயன்பெல்டை மீண்டும் நினைத்துக்கொண்டோம். அங்கே தலைமுறை தலைமுறையாகத் திராட்சை வளர்க்கும் குடும்பங்கள், தம் குடும்பப் பெயரைத் தம் போத்தலில் ஒட்டி விற்கின்றன. இங்கே காற்று உண்டு, சரிவு உண்டு, தலைமுறையும் உண்டு, நிலம் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லை என்றாயிற்று. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் எண்ணிப் பிரித்துக்கொண்டன. நமது மாணவனுடைய பாட்டனாரின் தம்பி குடும்பம் அப்போது நீலகிரிக்குப் போனது, அங்கேயும் தேயிலைதான். எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. தோட்டங்களோ 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் அரசிடம் போய், 1992இல் நிருவாகத்துக்காகக் கம்பனிகளின் கைக்கு வந்தன. இம்மாற்றங்களில் எதிலும், குடியிருந்த இலயத்தின் காணி குடியிருந்தவருக்குச் சொந்தமாகவில்லை. மாணவனுக்கு வீட்டிலிருந்து வரும் கடிதத்தின் பின்புறத்தில் தோட்டத்தின் பெயரும் பிரிவும் இருக்கும்; வீட்டுக்கு இலக்கமோ தெருவுக்குப் பெயரோ இராது.

சரிவில் வாழ்வதன் ஆபத்து வேறு. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆந் திகதி காலையில் மலை சரிந்து இலயங்களை மூடியதைத் தமிழர் எவரும் மறந்திரார். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலிலும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பேரழிவு கண்டது. நாம் ரசித்துச் சென்ற மலைநாட்டு இருப்புப்பாதையும் பல இடங்களில் சிதைந்தது. நாலாம் நாள்தான் மாணவனின் தொலைபேசி அழைப்பு வந்தது. இலயம் தப்பியதாம்; மேலே உள்ள மலையில் ஒரு துண்டு போய்விட்டதாம்.

நமது பயணத்தின் கடைசி மாலையைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. இலயத்து அறையில் மாணவனின் தாயார் நமக்கு ரொட்டியும் சம்பலும் வைத்து, தேத்தண்ணீரும் கொடுத்தார். கறுத்துத் தடித்த சாயம்; தோட்டத்தில் கொடுக்கும் தூள். பதுளைக் கடையில், பருவகாலத் தேயிலை என்று எழுதிய பொதியொன்றை அன்று காலை நாம் வாங்கியிருந்தோம். வீட்டுக்குக் கொண்டுபோவதற்காக வாங்கியதுதான். வேட்டிப் பையிலிருந்து அதை எடுத்து, "அம்மா, இதையும் ஒருமுறை ஊற்றிப் பாருங்கள்" என்றோம்.

அவர் தூளை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"ஐயா, இது ஆடி மாசத்துல ஸ்டோர்ப் பக்கம் போனா வீசுற வாசமுல்ல!"

"ஆம் அம்மா, அதுதான். இதற்கு முன் குடித்ததில்லையா?"

"இருவத்தெட்டு வருசமா மோந்திருக்கேன் ஐயா. குடிச்சதில்ல."

ஊற்றியதும் ஒரு வாய் பருகினார். சிறிது யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு. தைலம் மாதிரி சுருக்குன்னு ஏறுது" என்றவர், இரண்டு கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கி மிச்சத்தைக் குடித்து முடித்தார். பொதியின் வாயை மடித்துக் கயிறு கட்டி நம்மிடம் திருப்பித் தந்தார். நாம் வாங்க மறுக்கவே, அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்துத் தட்டில் வைத்துவிட்டு, மறுநாட் காலைப் பெரட்டுக்காகக் கூடையைக் கதவருகே எடுத்து வைத்தார்.