அத்தைக்கு ஓர் இடம்

வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். மாடு பிடிக்கப் போகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் என்னென்ன பார்ப்பார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம். எதையும் பரீட்சை பண்ணாமல் ஏற்றுக்கொள்கிற வழக்கம் நமக்குக் கிடையாது. ஆனால் வீட்டுப் பெரியவரைக் கொண்டுபோய் விடப் போகிற இடத்தை எப்படிப் பரீட்சை பண்ணுவது என்று மட்டும் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நம் பாட்டன்மாருக்கு அந்தத் தேவை ஏற்படவில்லை. எனக்கு ஏற்பட்டது.

அத்தை என்று நான் சொல்வது என் தகப்பனாரின் தமக்கையை. எனக்கு ஐந்து வயதாகும்போது என் தாயார் காலமானாள். இளம் பிராயத்திலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்ட அத்தைதான் அதற்குப் பிறகு எனக்கு எல்லாம். அவளுக்கு இப்போது வயது 83. சென்ற ஐப்பசி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தகடு வைத்து அனுப்பினார்கள். எலும்பு கூடிவிட்டது, அத்தைதான் எழுந்திருக்கவில்லை.

எட்டு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தோம். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. நான் எழுத்தாளன்; அதாவது, நாள் முழுதும் வீட்டில் இருப்பவன் என்று பெயர் எடுத்தவன். ஆள் அனுப்பும் கம்பெனி மூலம் நான்கு ஆயாக்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியாக வந்த அம்மாள் பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போனவள், இன்னும் உத்திரம் முடியவில்லை போலிருக்கிறது.

கடைசியில் அத்தையே சொன்னாள்: "என்னை எங்கேயாவது ஆஸ்பத்திரி மாதிரி ஒரு இடத்திலே விட்டுடுப்பா. உன் பொண்டாட்டி முதுகு ஒடிஞ்சு போயிடும்."

நான் மறுத்தேன். ஆனால் எவ்வளவு பலமாக மறுத்திருக்க வேண்டுமோ அவ்வளவு பலமாக மறுக்கவில்லை. மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நர்ஸிங் ஹோம் என்றால் நம் ஊரில் பிரசவம் பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரி என்றுதான் அர்த்தம். மேல்நாட்டில் அந்தப் பெயருக்கு அர்த்தம் வேறு. படுத்த படுக்கையான முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் அது. அந்த மாதிரி இடங்கள் இப்போது சென்னையைச் சுற்றி நிறைய முளைத்திருக்கின்றன. நான் முதலில் போனது அவற்றில் பெரிய ஒன்றுக்கு. வாசலில் நீரூற்று, உள்ளே பளிங்குத் தரை, சுவரில், சிரித்துக்கொண்டு கேக் வெட்டும் தாத்தா பாட்டிகளின் படங்கள். மானேஜர் நல்ல உடையும் நல்ல இங்கிலீஷும் உடையவர். எனக்குக் காபி கொடுத்தார். காபி நன்றாகவே இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டேன்.

"தங்கியிருக்கிறவர்களைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அது பார்வையாளர் நேரமல்ல என்றார். எப்போது என்று கேட்டுக்கொண்டு சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனேன். கூடத்தில் ஏழெட்டுப் பேரை நாற்காலிகளில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எதிரே டெலிவிஷன் சமையல் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ஓரத்திலிருந்த ஒரு பெரியவரை வேஷ்டித் துண்டு ஒன்றால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அவருக்கு எதிரே மேஜையில் தண்ணீர் டம்ளர் இருந்தது; கை நீட்டினால் எட்டாத தூரத்தில்.

"விழுந்துடுவார் சார். பாதுகாப்புக்காகத்தான்," என்றார் மானேஜர்.

பாதுகாப்புக்காகத்தான் எல்லாரும் கட்டுகிறார்கள். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். துண்டுக்கும் சங்கிலிக்கும் வித்தியாசம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தோன்றவில்லை.

புறப்படும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு கட்டிலின் கால்மாட்டில் அட்டை ஒன்று தொங்கியது. படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் இடது பக்கம், வலது பக்கம், மல்லாக்க என்று மாற்றிப் படுக்க வைத்ததற்கான கணக்கு. இரவு எட்டு மணி வரை எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. அப்போது மணி ஐந்தரை.

அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு டாக்டர் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்த நாட்டில் 1987-ஆம் வருஷத்துச் சட்டமே, ஊழியர்களின் சௌகரியத்துக்காக முதியவர்களைக் கட்டிப்போடக் கூடாது என்று விதித்துவிட்டதாம். 2008 முதல் சர்க்காரே ஒவ்வொரு விடுதிக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்து வருகிறது. திடீர்ச் சோதனையில் கண்டது என்ன, ஒருவரைப் பார்த்துக்கொள்ள எத்தனை ஆட்கள், படுக்கைப் புண் முதலியவை எத்தனை பேருக்கு என்று மூன்று கணக்குகள். ஆரம்பத்தில் ஆட்கணக்கை விடுதிக்காரர்களே எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுப்பதில் எல்லாரும் கெட்டிக்காரர்கள் என்று தெரிந்த பிறகு, சம்பளப் பட்டியலிலிருந்தே கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். ஐந்தரை மணிக்கு எட்டு மணியை எழுதுகிற சாமர்த்தியம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல என்று அறிந்து ஒருவகையில் ஆறுதலாக இருந்தது.

நம் நாட்டிலும் 2007-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. வயதானவர்களைக் கைவிடுகிறவர்களுக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கைவிட்டால் தண்டனை உண்டு, சரி. நல்ல இடத்தில் விட்டோமா என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

"நீங்கள் மூன்று காரியம் செய்யுங்கள்," என்றார் நண்பர். "சொல்லாமல் போங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு போங்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், நகத்தையும் குதிகாலையும் பாருங்கள்."

அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணிக்குத் தாம்பரத்துக்கு அப்பால் ஒரு பழைய வீட்டின் கதவைத் தட்டினேன். பெயர்ப் பலகையில் பாதி எழுத்து அழிந்திருந்தது. மூத்திர நாற்றம் இல்லை. அதை மறைப்பதற்காகக் கொட்டுகிற ஃபினாயில் நெடியும் இல்லை. ரசம் தாளித்த வாசனைதான் வந்தது. ஒரு பெண் வயோதிகர் ஒருவரை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, குழையப் பிசைந்த சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் கொடுப்பாள். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். அப்புறம்தான் அடுத்த வாய். படுத்தபடியே ஊட்டினாலும், அவசரப்பட்டு ஊட்டினாலும் சோறு நுரையீரலுக்குப் போய்விடக்கூடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்தவரை அத்தை எனக்குச் சோறு ஊட்டியது அப்படித்தான்.

இங்கேயும் கால்மாட்டில் அட்டை தொங்கியது. ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆறு மணிக் கட்டம் நிரம்பியிருந்தது. எட்டு மணிக் கட்டம் காலி.

தலைமை நர்ஸ் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். என்னுடைய நோட்டுப் புத்தகத்தைக் கண்டு அவர் அசரவில்லை.

"ராத்திரியில் எத்தனை பேர் வேலையில் இருப்பீர்கள்?" என்றேன்.

"இருபத்திரண்டு பேருக்கு மூணு பேர் சார். போதாது. நாலு பேர் வேணும். கேட்டுக்கிட்டிருக்கேன்."

முன்னே பார்த்த இடத்தில் எல்லாமே போதுமானதாக இருந்தது. போதாது என்று சொன்ன இடத்தில் அத்தையைச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். எனக்குள் கொஞ்சம் பெருமிதம்கூட உண்டாயிற்று. சாமர்த்தியமாகப் பரீட்சை செய்துவிட்டேன் அல்லவா?

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை அத்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கட்டிலில் படுக்க வைத்ததும் நர்ஸ் அம்மாள் திரையை இழுத்துவிட்டு என் மனைவியை மட்டும் உள்ளே அழைத்தார். அத்தையைப் பக்கவாட்டில் திருப்பி, குதிகால், முட்டி, இடுப்பு, தோள்பட்டை என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு வெளியே வந்து என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"இதிலே ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

வாங்கிப் படித்தேன். முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் படுக்கைப் புண்; சேர்க்கும்போதே இருந்தது என்று எழுதியிருந்தது.

"எங்கள் வீட்டிலா?" என்று கேட்டேன். எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது. வேறு எங்கே?

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் நர்ஸ் வேலையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். படுத்திருப்பவருக்குப் புண் வந்தால் அது பெரும்பாலும் வியாதியின் குற்றமல்ல, பார்த்துக்கொள்கிறவர்களின் குற்றம் என்பது அவருடைய தீர்ப்பு. இந்த விஷயம் எனக்கு முன்பே தெரியும். விடுதிக்காரர்களை மடக்குவதற்காக நோட்டுப் புத்தகத்தில் குறித்தும் வைத்திருந்தேன்.

நாங்கள் அத்தையைக் கொடுமை செய்யவில்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவளுக்குப் பிடிக்குமே என்று அந்தக் கோடையில் நுங்கு தேடி அலைந்திருக்கிறேன். இரவு பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் எழுத்து வேலை முடிந்து எழுந்து போய் அவள் அறையை எட்டிப் பார்ப்பேன். அசைவில்லாமல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருப்பாள். 'பாவம், நன்றாகத் தூங்குகிறாள். எழுப்ப வேண்டாம்' என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வேன். எனக்கு நினைவிருக்கிறது, எத்தனையோ இரவுகள் அப்படி. அந்த ஒரு ரூபாய் நாணயம் என்னுடைய பிரியத்தால் உண்டானது.

கையெழுத்துப் போட்டேன். என் மனைவி திரைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தாள். நர்ஸ் அம்மாள் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. "தினம் பார்க்கிறவங்களுக்குத் தெரியாது சார். நான் ஆறச் சொல்லி வைக்கிறேன்," என்று மட்டும் சொன்னார், புண்ணிடம் சொல்லி வைப்பவர் போல.

இரண்டரை மாதத்தில் ஆறிவிட்டது. அந்த இடத்தைச் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாள் போனபோது அத்தை யாருடைய புடைவையையோ உடுத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் மூக்குக் கண்ணாடியைக் காணோம். மூன்றாவது கட்டில் பாட்டி போட்டுக்கொண்டிருந்தாள். சண்டை போட்டு வாங்கித் தந்தேன். வருகிறவர்கள் புத்தகத்தில் கையெழுத்திடும்போது ஒரு தரம் பின்பக்கங்களைப் புரட்டினேன். ஆடியில் என் பெயர் வாரத்துக்கு இரண்டு தரம் இருந்தது. ஆவணியில் ஒரு தரம். புரட்டாசியில் பதினோரு நாள் இடைவெளி ஒன்று விழுந்திருந்தது. நான் அவர்களுக்குக் கணக்கு வைத்திருந்தேன். அவர்களும் எனக்கு வைத்திருந்தார்கள். இப்போது செவ்வாயும் ஞாயிறும் தவறுவதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, "எப்படி அத்தே இருக்கு இங்கே? குறை ஏதாவது உண்டா?" என்று கேட்டேன்.

அத்தை அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

"சோறெல்லாம் பரவாயில்லைப்பா. ராத்திரிதான் தூங்க விட மாட்டேங்கிறாங்க. கண்ணை மூடினா போதும், வந்து எழுப்பிப் புரட்டிப் போட்டுடறாங்க. நம்ம வீட்டிலே எவ்வளவு நிம்மதியாத் தூங்குவேன்! நீ கொஞ்சம் சொல்லி வையேன்."

"சொல்கிறேன் அத்தே," என்றேன்.

வெளியே வரும்போது நர்ஸ் அம்மாள் எதிரே வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.