கையின் நிழல் சொல்லும்!

கொடைக்கானலில் 1908-ல் அமைந்த பிரையண்ட் பூங்காவைப் பார்த்த கையோடு, அருகிலுள்ள சோலைக் காட்டையும் பாருங்கள். பெரிய மரங்கள் வெயிலைச் சல்லடையாகச் சலித்து அனுப்ப, அடியில் பெரணிகள் செழித்திருக்கும்.

மாமா காலமான பிறகு அத்தை ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள், அங்கே விற்ற ஒரு பெரணித் தொட்டி. சென்னையில் மொட்டை மாடியில் வைத்தாள், இலை கருகிற்று. அலமாரி மூலையில் வைத்தாள், சோகை பிடித்தது. கிழக்கு ஜன்னலுக்கு இரண்டடி உள்ளே நகர்த்திய பிறகுதான் புதுத் தளிர் சுருள் விட்டது. அன்று எனக்குக் காப்பி கொடுக்கக்கூட மறந்துபோனாள் அத்தை!

உங்கள் வீட்டில் அந்த இடம் எது? பகலில் கையை நீட்டுங்கள். நிழல் கத்தரித்தாற்போல் விழுந்தால் வெயில் அதிகம், விழாவிட்டால் இருட்டு. மங்கலாக விழுந்தால், தொட்டியைத் தாராளமாக அங்கே வையுங்கள்.