ஊருக்கும் காலனிக்கும் ஒரே பின்கோடு

கம்பெனிகள் வாடிக்கையாளர்களை எண்ணும் முறை எளிது. ஓர் அட்டவணையில் வாடிக்கையாளரின் பின்கோடு இருக்கும். எந்தப் பின்கோடு எந்த விற்பனை மண்டலத்தில் வருகிறது என்பது இன்னொரு அட்டவணையில் இருக்கும். இரண்டையும் இணைத்து 'குரூப் பை' போட்டால் மண்டலவாரியாக எண்ணிக்கை வந்துவிடும். எங்கே கடை திறப்பது, எங்கே வண்டி அனுப்புவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அமெரிக்காவில் பின்கோடுக்குப் பெயர் ஜிப்கோடு. அமேசான் அன்றைக்கே பொருளைக் கொண்டுவந்து தரும் சேவை எந்தெந்த ஜிப்கோடுகளுக்கு உண்டு என்று 2016 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம் வரைபடத்தில் குறித்துப் பார்த்தது. பாஸ்டன் நகரில் சுற்றியுள்ள பகுதிகளுக்கெல்லாம் உண்டு. நடுவில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ராக்ஸ்பரிக்கு இல்லை. இனத்தைப் பார்க்கவில்லை, பிரைம் உறுப்பினர்கள் எங்கே அதிகம், கிடங்கு எவ்வளவு தூரம் என்றுதான் பார்த்தோம் என்றது அமேசான். அது உண்மையாகவே இருக்கலாம் என்பதுதான் நம்மைப் பயமுறுத்த வேண்டும். 1930களில் கறுப்பர் பகுதிகளைச் சிவப்பில் தீட்டி, இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று அரசு நிறுவனமே வரைபடம் போட்ட நாடு அது. பிரிவினை முகவரியிலேயே உறைந்துவிட்ட பிறகு, படிவத்தில் நிறத்தைக் கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. செய்தி வெளியான சில நாட்களிலேயே ராக்ஸ்பரியையும் சேர்ப்பதாக அமேசான் அறிவித்தது.

நம் கிராமங்களில் அப்படி ஒரு வரைபடம் போட்டாலும் ஒன்றும் தெரியாது. 1972 ஆகஸ்ட் 15 முதல் புழக்கத்தில் இருக்கும் ஆறு இலக்கப் பின்கோடில் கடைசி மூன்று இலக்கம் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் குறிக்கும். அந்த அஞ்சலகத்தின் எல்லைக்குள் பல ஊர்கள் இருக்கும். ஊரும் காலனியும் ஒரே எண்ணில் அடங்கிவிடும். எங்கள் மாலைப் படிப்பகத்துப் பிள்ளைகள் தேர்வுக்கான புத்தகங்களை ஆன்லைனில் வாங்குகிறார்கள். ஊர்த்தெருவில் வீட்டு வாசல்வரை போகும் பார்சல், காலனி என்றால் "பஸ் ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்கப்பா" என்ற போனோடு நின்றுவிடுகிறது. (கொண்டுவருகிறவர் பல நேரம் நம்ம பையன்தான். ரூட்டுப் போடுவது அவன் இல்லை.) கம்பெனியின் கணக்கில் இரண்டுமே ஒழுங்காகச் சேர்ந்த பார்சல்கள்.

அதனால் எங்கள் படிப்பகக் கணக்கில் பின்கோடுக்குக் கீழே குடியிருப்பு என்று தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். இன்னொன்றும் முக்கியம். வருகிறவர்களின் பட்டியலிலிருந்து எண்ணத் தொடங்கினால், ஒருவரும் வராத குடியிருப்பு விடையில் பூஜ்யமாகக்கூட வராது, காணாமலே போய்விடும். குடியிருப்புகளின் பட்டியலை முதலில் வைத்து, வருகிறவர்களை அதனோடு 'லெஃப்ட் ஜாயின்' செய்ய வேண்டும். எங்களுக்கு அப்படி மூன்று பூஜ்யங்கள் வந்தன. நேரில் போய் விசாரித்தோம். இருட்டிய பிறகு ஊர்த்தெரு வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும், அதனால் பெண்பிள்ளைகளை அனுப்புவதில்லை என்றார்கள். பையன்கள்? சாயங்காலம் வேலைக்குப் போகிறார்கள். அந்த மூன்று இடங்களுக்கும் ஞாயிறு காலை வகுப்பு தொடங்கினோம்.

அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். முகவரியைப் படித்ததும் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆனால் முகவரியில் அந்தச் சொல்லைத் தேடி எண்ணும் வழி இனி அடைபடும். சொல் போன பிறகும் பார்சல் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றால், அதைக் காட்ட நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு நம் கையில்தான் இருக்க வேண்டும், கம்பெனிகளிடம் அல்ல. நாங்கள் வைத்திருக்கும் பட்டியலில் பிள்ளைகளின் பெயர் கிடையாது, எண்ணிக்கை மட்டும்தான்.

எஸ்க்யூஎல் படிக்கிற தோழர்கள் உங்கள் ஒன்றியத்தின் குடியிருப்புகளை இந்த விடுமுறையில் எழுதத் தொடங்குங்கள். ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரும் அங்கே வாழ்கிறவர்கள் சொல்லும் பெயரும் பல இடங்களில் வேறாக இருக்கும். வாழ்கிறவர்கள் சொல்வதை முதல் கட்டத்தில் போடுங்கள்.