40 விசைகளின் இலக்கணம்

1982இல் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் பிரிட்டனில் விற்பனைக்கு விட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தில் 40 ரப்பர் விசைகள் உண்டு. இன்று கைக்கு வரும் ஸ்பெக்ட்ரங்களில் முதலில் செத்துப்போயிருப்பது பெரும்பாலும் அந்த விசைகளுக்கு அடியில் கிடக்கும் பிளாஸ்டிக் மெம்பிரேன்தான். அதிலிருந்து போர்டுக்கு இறங்கும் மெல்லிய வால்கள் இரண்டு. ஒன்றில் 5 தடங்கள், மற்றதில் 8. வயதாக ஆக அவை மொறமொறப்பாகி, மூடியைத் தூக்கும்போதே ஒடிந்துவிடுகின்றன. புது மெம்பிரேன் இன்றும் கிடைக்கிறது. ஆனாலும் நீண்ட பேசிக் நிரலை ரப்பரில் தட்டி அலுத்த விரல்களுக்கு, நல்ல கீபோர்டு ஒன்றை மாட்டினால் என்ன என்று தோன்றத்தான் செய்யும்.

இந்த வேலையில் நான் விடாமல் பிடித்திருக்கும் விதி ஒன்றுதான். பழைய கணினி தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது. புதிதாக வரும் கீபோர்டுதான் வந்த வீட்டு வழக்கத்துக்கு இணங்க வேண்டும்.

அந்த வழக்கம் இது. 40 விசைகளும் 8 அரை வரிசைகளாகப் பிரிந்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 5. இசட்80 செயலி 254ஆம் போர்ட்டைப் படிக்கும்போது, மேல் எட்டு முகவரிக் கம்பிகளில் எது 0 ஆக இருக்கிறதோ அதற்குரிய அரை வரிசை தேர்வாகும். அதன் 5 விசைகளும் 5 பிட்டுகளாகப் பதில் தரும். அழுத்திய விசை 0, அழுத்தாதது 1. கணினியின் நிரந்தர நிரல் இருக்கும் ரோம் நொடிக்கு 50 முறை இப்படி எட்டு வரிசைகளையும் விசாரித்து வருகிறது.

யூஎஸ்பி கீபோர்டு பேசுவதோ வேறு. எளிய வடிவில் அது 8 பைட் அறிக்கை அனுப்பும். முதல் பைட்டில் ஷிஃப்ட், கன்ட்ரோல் முதலியவை. இரண்டாவது சும்மா இருக்கும். மிச்சம் ஆறில் அழுத்தியிருக்கும் விசைகளின் எண்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வேண்டும். செயலி கேட்கும்போது அதுவே பதில் சொல்லட்டும் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் 3.5 மெகாஹெர்ட்ஸ் செயலி போர்ட்டைப் படிக்கையில் ஒரு மைக்ரோநொடிக்குள் பதில் கம்பியில் நின்றாக வேண்டும். 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ போன்ற மைக்ரோகன்ட்ரோலருக்கு அது வெறும் 16 துடிப்பு. கேள்வி வந்ததென்று அது நிமிர்ந்து பார்ப்பதற்குள் செயலி அடுத்த வேலைக்குப் போயிருக்கும்.

இங்கே கைகொடுப்பது எம்டி8808 என்ற சிப். தொலைபேசி இணைப்பகக் கருவிகள் செய்துவந்த கனடாவின் மைட்டெல் நிறுவனத்தின் படைப்பு. 8க்கு 8 என்று 64 மின்சுவிட்சுகள் அதனுள்ளே இருக்கின்றன; நமக்கு 40 போதும். எந்தச் சுவிட்சை மூட வேண்டும் என்று மைக்ரோகன்ட்ரோலர் ஒருமுறை சொன்னால், திறக்கச் சொல்லும்வரை அது மூடியே இருக்கும். செயலி எப்போது வந்து பார்த்தாலும் அங்கே உண்மையிலேயே இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டிருக்கும். ரோமை மதிக்காமல் போர்ட்டை நேராகப் படிக்கும் விளையாட்டுகளும் இதனால் ஓடுகின்றன. மாறாக, கடைசி விசை பதிவாகும் 23560ஆம் நினைவிடத்தில் எழுத்தைத் திணிக்கும் குறுக்கு வழி பேசிக்கோடு நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: மின்சாரம் வந்ததும் முதல் வேலையாக இந்தச் சிப்பை ரீசெட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாரும் தொடாத விசைகள் அழுந்தியபடி கணினி எழும்.

கம்பி வேலை இவ்வளவே. கலை இருப்பது ஷிஃப்ட்டில். ஸ்பெக்ட்ரத்தில் ஷிஃப்ட் இரண்டு: கேப்ஸ் ஷிஃப்ட், சிம்பல் ஷிஃப்ட். டெலீட் என்பது கேப்ஸ் ஷிஃப்ட்டோடு 0. அம்புக்குறிகள் அதே ஷிஃப்ட்டோடு 5 முதல் 8 வரை. இரட்டை மேற்கோள் சிம்பல் ஷிஃப்ட்டோடு பி. நம் கீபோர்டில் மேற்கோள் போட ஷிஃப்ட்டை அழுத்துகிறோம். அதை அப்படியே கேப்ஸ் ஷிஃப்ட்டாகக் கடத்திவிட்டு, கூடவே சிம்பல் ஷிஃப்ட்டையும் மூடினால், இரண்டும் சேர்ந்து கணினியை எக்ஸ்டெண்டட் மோடுக்குத் தள்ளிவிடும், மேற்கோளும் வராது. ஆகவே முதலில் கேப்ஸ் ஷிஃப்ட்டை விடுவிக்க வேண்டும். பிறகு சிம்பல் ஷிஃப்ட்டை மூடி, 50இல் ஒரு நொடிக்குச் சற்று அதிகமாகப் பொறுத்து, அப்புறம் பியை மூட வேண்டும். எடுக்கும்போது இதே வரிசை தலைகீழாக. அந்தப் பொறுமை இல்லாவிட்டால் டெலீட் கேட்ட இடத்தில் 0 விழும்.

ஒரு விசை இரண்டாக நடிப்பது ஏமாற்று வேலை என்பவர்கள் 1984இல் வந்த ஸ்பெக்ட்ரம் பிளஸைத் திறந்து பார்க்கட்டும். அதன் தனி டெலீட் விசைக்கு அடியில் மெம்பிரேன் அடுக்குகளே கேப்ஸ் ஷிஃப்ட்டையும் 0வையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். சின்க்ளேரே காட்டிய வழி அது. ஆனால் விளையாட்டில், ஷிஃப்ட்டுக்காகப் பொறுக்கும் அந்தத் தாமதம் உறுத்தும். அதனால் ஸ்க்ரோல் லாக்கை அழுத்தினால் அம்புக்குறிகள் க்யூ, ஏ, ஓ, பி ஆகிவிடும்படி தனி முறை ஒன்று வைத்திருக்கிறேன்.

என்ன செய்தாலும் மாறாத ஒன்று உண்டு. 48கே பேசிக்கில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க முடியாது. ஜே என்றால் லோடு, பி என்றால் பிரின்ட். லோடு என்று எழுத்துக்கூட்டப் போனால் முதல் எழுத்திலேயே லெட் என்று வந்து நிற்கும். அந்த நேரத்தில் கர்சர் எந்த நிலையில் இருக்கிறது என்பது கீபோர்டுக்குத் தெரியாது. தெரிந்ததாகப் பாவனை செய்யவும் நான் விடுவதில்லை. எந்த விசையில் எந்தக் கட்டளை என்ற அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே போதும்.

இதில் இறங்க நினைப்பவர்களுக்கு மூன்று வார்த்தை. வண்ண விளக்கு எரியும் கீபோர்டை மாட்டாதீர்கள்; 9 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் 7805 அந்தச் சுமையையும் தாங்க வேண்டியதில்லை. மெம்பிரேன் செருகும் அதே இரண்டு சாக்கெட்டுகளில் மட்டும் இணையுங்கள். பெட்டியில் துளை போடாதீர்கள், போர்டில் தடத்தை வெட்டாதீர்கள். கழற்றிய ரப்பர் விசைகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அடுத்து வருபவர் ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுபோக முடிந்தால்தான் அது நல்ல வேலை.