பூங்கா சரி, ஆத்துல தண்ணி?

மதுரையில வைகைக் கரையை ஒட்டிப் பூங்காவும் நடைபாதையும் வந்தா யானைக்கல், சிம்மக்கல் பக்கமெல்லாம் பழைய களை திரும்பும்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுது. நல்ல ஆசைதான். அந்த நெரிசல்ல பிள்ளை குட்டியோட உக்காந்து காத்து வாங்க ஒரு இடம் வேண்டாமா? ஆனா மதுரைக்குக் கிழக்கே, இதே ஆத்துத் தண்ணியை நம்பி நாத்துப் பாவுற எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே வயித்துல புளியைக் கரைக்குது. மேல இருக்கிறவங்க ஆத்துக்கு எதைச் செஞ்சாலும் அது எங்க கம்மாயிலதான் வந்து நிக்கும்.

அகமதாபாத் சபர்மதிக் கரையைப் பாருங்கன்னு சொல்றாங்க. அழகுதான். ஆனா அங்க நிறைஞ்சு நிக்கிறது நர்மதைக் கால்வாய்த் தண்ணி. சியோல் நகரத்துல மேம்பாலச் சாலையை இடிச்சுட்டு 2005-ல திறந்தாங்களே ஒரு ஓடை, அதுக்கும் ஹான் ஆத்துலருந்து மோட்டார் வச்சு இறைச்சுத்தான் விடுறாங்க. வைகைக்கு அப்படி இறைச்சு விட யார் வீட்டுத் தண்ணி இருக்கு? பெரியாத்தை 1895-லயே திருப்பியாச்சு. வைகை அணையில பூர்வீகப் பாசனத்துக்குத் திறக்கிற தண்ணிக்கும் இராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2ன்னு பங்கு பிரிச்சாச்சு.

அப்ப ஊருக்குள்ள ஆறு ஓடுறது எப்போ? வெள்ளம் வந்தா ஓடும், பாசனத்துக்குத் திறந்தா ஓடும், சித்திரையில அழகர் இறங்கத் திறந்தா ஓடும். மத்த நாள்ல ஓடுறது சாக்கடை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல கரையோரம் சுவர் எழுப்பி ரோடு போட்டாங்க. தடுப்பணையில தேங்குற தண்ணியில சாக்கடை கலந்து ஆகாயத்தாமரை மண்டுது. அங்க பெஞ்சு போட்டா மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் உக்காரணும். (அந்த ஆகாயத்தாமரை எங்க மடையில வந்து அடைக்கும்போது இழுத்துப் போடுற ஆளுக்குக் கூலி யார் குடுக்குறதுங்கிறது தனிக் கதை.)

தண்ணியை வச்சு ஒரு இடத்துக்கு உயிர் குடுக்கிறது எப்படின்னு மதுரையே செஞ்சு காட்டிருக்கு. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சொல்றேன். திருமலை நாயக்கர் வெட்டின குளம். வருசக்கணக்கா வறண்டு கிடந்துச்சு, உள்ள பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. தைத் தெப்பத் திருவிழாவையே தண்ணி இல்லாம நிலைத்தெப்பமா நடத்தின வருசங்கள் உண்டு. அப்புறம் பனையூர் வாய்க்காலைச் சீர் பண்ணி வைகைத் தண்ணி உள்ள வர வழி செஞ்சாங்க.

சொல்றதுக்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். வைகையில மணல் அள்ளி அள்ளிப் படுகை கீழ இறங்கிப் போச்சு. வாய்க்கால் தலை மேட்டுல நிக்குது. ஆத்துல முழங்கால் தண்ணி ஓடினாலும் வாய்க்கால்ல ஏறாது. எங்க கம்மாய் வரத்துக்காலுக்கும் இதே பாடுதான். வாட்டம் பார்க்கத் தெரிஞ்ச ஆளு இல்லாம எத்தனை கோடி கொட்டினாலும் தண்ணி ஏறி வராது.

தெப்பக்குளம் நிறைஞ்சதும் யாரும் தண்டோரா போடல, சனம் தானா வந்துச்சு. சாயங்காலம் சுத்துச்சுவர்ல உக்கார இடம் கிடைக்காது. பஜ்ஜி, மாங்காய்ப் பத்தை, பஞ்சுமிட்டாய்னு வியாபாரம் நடக்குது. பக்கத்துத் தெருக்கள்ல போர்த்தண்ணி மேல வந்துருச்சுன்னு அங்க கடை வச்சிருக்கிற எங்க ஊர்க்காரர் சொன்னார்.

ஆத்தங்கரையிலயும் தண்ணியிலருந்துதான் ஆரம்பிக்கணும். முதல்ல சாக்கடையை மறிச்சுச் சுத்திகரிப்புக்குத் திருப்பணும். ஆத்தோட அகலத்துல ஒரு முழம்கூட எடுக்கக் கூடாது, 1993 வெள்ளத்தைப் பார்த்தவங்க இன்னும் இருக்காங்க. சுவர் இல்லாத இடத்துலயாவது மண்கரையை விட்டு வச்சு மருது, புங்கம், நாவல் நடலாம். மருதுக்கு ஆத்தங்கரைதான் பிறந்த வீடு.

அப்புறம் படித்துறை. பேச்சியம்மன் படித்துறை, ஓபுளா படித்துறை, திருமலைராயர் படித்துறைன்னு பேர் மட்டும் மிச்சம் இருக்கு. இப்ப உள்ள பிள்ளைகளுக்கு அதெல்லாம் பஸ் ஸ்டாப்பும் தெருப்பேரும்தான். அந்த மூணு இடத்துலயும் ஆத்துக்குள்ள இறங்கப் படி கட்டிக் குடுத்தாப் போதும். சித்திரைக்கு நாங்களும் கட்டுச்சோத்தோட வந்துருவோம்.